சான் எலோயில் யாரும் டாக்டரை எரிக்கவில்லை

அன்று காலையில் தூறல் இருந்ததா, இல்லை கழிமுகத்துப் பனிதான் தூறல் மாதிரித் தெரிந்ததா என்று இப்போது கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. சான் எலோயில் டிசம்பரின் கடைசி நாட்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு வருஷத்து நினைவு இன்னொரு வருஷத்துக்குள் வடிந்துவிடும். நாங்கள் எரித்த பொம்மையின் கால்சட்டை என்ன நிறம் என்பதில் தெருவில் இன்றுவரை மூன்று கட்சி. ஆனால் அன்று வந்த வெளியூர் ஆள் போட்டிருந்த கறுப்பு ஷூ மட்டும் நிச்சயம். சேறும் சிப்பியுமாகக் கிடக்கும் எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு பளபளப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஹோல்கர் தொமாலாவும் முதலில் பார்த்தது அந்த ஷூவைத்தான்.

அவன் வீட்டு வாசலில் மண்டிபோட்டு உட்கார்ந்து, நாற்காலியில் சாய்ந்திருந்த பொம்மையின் மார்புக்குக் குறுக்கே ஜனாதிபதிகள் போடுகிற மூவர்ணப் பட்டையைப் போட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தான். மரத்தூள் அடைத்த உடம்பு, காகிதக் கூழில் செய்த முகம், நெற்றிக்குக் கீழே இரண்டு கம்பளிப்பூச்சிகள் படுத்திருப்பது போன்ற புருவம். வருஷக் கடைசி நாளில் தெருவுக்குத் தெரு இப்படி ஒரு பொம்மை செய்து, அதற்குப் பழைய வருஷம் என்று பெயர் வைத்து, அது எழுதிவைத்த உயிலைப் படித்துவிட்டு, நடுராத்திரியில் கொளுத்திவிடுவது வழக்கம். அந்த வருஷம் யாரைச் செய்வது என்று எங்கள் தெருவில் பேச்சே எழவில்லை. எட்டு வருஷம் நாட்டை ஆண்ட டாக்டர் இத்ரோபோ இன்னும் சில வாரங்களில் நாற்காலியை விட்டு இறங்கப் போகிறார். வேறு யாரை எரிப்பது?

"இது டாக்டர்தானே?" என்றார் வந்தவர்.

ஹோல்கர் நிமிர்ந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைக்கிற மலைநாட்டுப் பேச்சு. தலைநகரத்து ஆள் என்பதில் சந்தேகமே இல்லை.

"எந்த டாக்டருங்க?"

"டாக்டர் இத்ரோபோ."

"சேச்சே, இல்லைங்க."

"பட்டை போட்டிருக்கே."

"அது எங்க மாமனாருங்க. ஊர்ச் சங்கத்துல தலைவரா இருந்தவர்."

வந்தவர் பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல புருவம்," என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவைப் பார்த்து நடந்தார்.

ஹோல்கர் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தண்ணீர் அலுவலகத்தின் பம்ப் அறையில் அவன் தலை நரைக்கிற அளவுக்குத் தற்காலிகமாக வேலை பார்த்துவிட்டான். நிரந்தரம் ஆக்குகிற உத்தரவு ஒருவழியாகத் தலைநகரத்துக்குப் போயிருந்தது. டாக்டர் இறங்குவதற்குள் கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் புது ஆட்சி, புது மனு, மறுபடியும் முதலிலிருந்து. அலுவலகத்து மேலாளர் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "வாயைப் பொத்திக்கிட்டு இரு ஹோல்கர். போற நேரத்துலதான் யாரு என்ன சொல்றாங்கன்னு ஊர் ஊரா ஆள் விட்டுப் பார்ப்பாங்க."

இதோ, ஆள் வந்துவிட்டது. நல்ல வேளை, மாமனார் கைகொடுத்தார் என்று ஹோல்கர் மூச்சு விட்டபோது, ஜன்னலில் அவன் மனைவி மெர்சி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கப்பாவையா எரிக்கப் போறீங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி."

"செத்த மனுஷன் கல்லறைக்கு ஒரு கல்லு வையுங்கன்னு எத்தனை வருஷமா கேக்கறேன். அதுக்கு வழியில்ல. பட்டையைப் போட்டுக் கொளுத்தறதுக்கு மட்டும் வழியிருக்கு."

"மெல்லப் பேசு. அந்தாளு அடுத்த தெருவுலதான் இருக்கான்."

"எங்கப்பாவுக்கு இந்தப் புருவமா? எங்க குடும்பத்துல யாருக்குமே புருவம் கிடையாது."

அது உண்மைதான். ஹோல்கர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொம்மையின் முகத்தைப் பார்த்தான். மாமனார் கதை தாங்காது. மாற்றியாக வேண்டும்.

டீச்சர் ஹெர்லிந்தாவின் வீட்டில் தெரு கூடியிருந்தது. ஓய்வு பெற்ற டீச்சர்தான் எல்லா வருஷமும் உயில் எழுதுவார். அங்கே சூரை மீன் சூப் ஆறிக்கொண்டிருந்தது, சண்டை கொதித்துக்கொண்டிருந்தது.

"'என் அருமை மக்களே, நான் போகிறேன். உங்களுக்குப் பாலத்தை விட்டுப் போகிறேன்,'" என்று டீச்சர் படித்தார்.

"அவரா கட்டினார்? எங்க வரிப்பணம்," என்றது ஒரு குரல்.

"அதுக்கு முன்னாடி இருந்தவங்க காலத்துல நீ வரி கட்டலையா? பாலம் வந்துச்சா?"

"பாலம் வந்துச்சு. கரன்ட் போச்சு."

"கரன்ட் போனப்பதான் அவர் பேச்சு டிவியில வராம நிம்மதியா இருந்துச்சு. அதையும் கணக்குல எழுதுங்க டீச்சர், புண்ணியமாப் போகும்."

"பேசாம நல்லவரா கெட்டவரான்னு கை தூக்கிடலாமா?"

"உனக்கு எத்தனை கை?" என்று கேட்டார் டீச்சர். "போன வாரம் நீயே ரெண்டுக்கும் தூக்கின."

ஹோல்கர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். வேவு பார்க்க ஆள் வந்திருக்கிறது. டாக்டர் வேண்டாம். தேசிய அணியின் கால்பந்துக் கோச் என்று வைத்துக்கொள்வோம். அவன் மேலும் எல்லாருக்கும் கோபம் உண்டு.

ஹோல்கரின் உத்தரவு விஷயம் எல்லாருக்கும் தெரியும். அது கிடைத்தால் விருந்து வைப்பதாக அவன் எல்லாரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தான்.

"எட்டு வருஷத்தை ஒரு பக்கத்துல அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்," என்றார் டீச்சர். "கோச்சுக்கு என்ன எழுத?"

"தோத்தான்னு எழுதுங்க டீச்சர். ஒரு வரி போதும்."

ஹோல்கர் வீட்டுக்கு ஓடி, புருவத்தைச் சுரண்டினான். ஷூ பாலிஷில் மீசை வரைந்தான். பட்டையைக் கழற்றி, கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டான். தள்ளி நின்று பார்த்தபோது, மீசை வைத்த டாக்டர் இத்ரோபோ தலைமறைவாகப் போவது போலிருந்தது.

அவன் மறந்தது ஒன்றைத்தான். மெர்சியின் தம்பி வில்சன் காலையிலிருந்தே பாலத்து முனையில் நின்றுகொண்டிருந்தான்.

பழைய வருஷம் சாகும்போது அதற்கு ஒரு விதவை வேண்டும். அதற்குப் பெண்கள் போவதில்லை. தெருவிலேயே முரட்டு ஆம்பளை ஒருவன் கறுப்பு கவுன் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டி, வருகிற வண்டிகளை நிறுத்திக் காசு கேட்டு அழ வேண்டும். ஐஸ் கட்டி சுமக்கும் வில்சனின் தோளுக்கு அந்த கவுன் பின்பக்கம் மூடவே இல்லை. மூன்று நாள் தாடியோடு அவன் ஒவ்வொரு வண்டியின் ஜன்னலிலும் சாய்ந்து, "என் டாக்டர் என்னை விட்டுட்டுப் போறாரே, பாலத்தை மட்டும் கொடுத்துட்டுப் போறாரே, பாலத்தையா நான் கட்டிக்கிட்டுப் படுக்கறது," என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளைச் சட்டைக்காரர் அந்த வழியாகத்தான் திரும்பி வந்தார்.

"பாலத்துல ஒரு அம்மா அழறாங்க," என்றார் ஹோல்கரிடம். "அவங்க வீட்டுக்காரர் இங்கதான் உட்கார்ந்திருக்காருன்னாங்க."

"அவன் என் மச்சினங்க. கொஞ்சம் மனசு சரியில்லாதவன்."

"ஓ." அவர் பொம்மையின் பக்கம் குனிந்தார். "இவர்?"

"கோச்சுங்க. கால்பந்து."

"காலையில மாமனாருன்னீங்க."

ஹோல்கர் பொம்மையின் விசிலை நேராக்கினான். "மாமனார்தாங்க கோச்சா இருந்தார்."

"ஊர்ச் சங்கத் தலைவரும் அவர்தான்."

"எல்லாம் அவர்தாங்க. சின்ன ஊரு."

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது. அது தானாக விழவில்லை என்று ஹோல்கருக்குத் தெரியும்.

வந்தவர் தண்ணீர் கேட்டார். மெர்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கணவனைப் பார்க்காமல் போனாள். அவர் பொம்மைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, ஷூவில் ஒட்டியிருந்த சேற்றை ஒரு சிப்பியால் சுரண்டியபடி, சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டார்.

"டாக்டரைப் பத்தி இந்தப் பக்கம் என்ன நினைக்கறாங்க?"

இதற்குத்தான் ஹோல்கர் தயாராக இருந்தான். "அவர் மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க. தெய்வம் மாதிரி. பாலம் கட்டினார், ஆஸ்பத்திரி கட்டினார். அவரைப் போய் எரிக்கறதாவது. இந்தத் தெரு மட்டுமில்ல, இந்த ஊர்லயே யாரும் எரிக்க மாட்டோம்."

"யாருமேவா?"

"சத்தியமாங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. தண்ணீர்க் கோப்பையைப் பாதியிலேயே கீழே வைத்தார். "ஒரு தெருவுல கூட இல்லையா," என்று இன்னொரு தரம் தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

நம்பவில்லை என்று ஹோல்கர் முடிவு செய்தான். நம்பியிருந்தால் ஒரு மனிதனின் முகம் ஏன் அப்படி ஆகவேண்டும்?

சற்று நேரத்தில் வில்சன் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"என்ன மச்சான், நான் இப்ப கோச் பொண்டாட்டியாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல நேரமில்லடா."

"நடுவுல அப்பா வேற வந்தாராமே. அப்பாவுக்கு நான் விதவைன்னா முறை என்ன ஆகறது? காலையிலேர்ந்து மூணு புருஷன். இந்தத் தெருவுல எந்தப் பொம்பளையும் இந்தப் பாடு பட்டதில்ல."

"இன்னும் ஒண்ணு மாறும் போலிருக்கு. கொஞ்சம் பொறு."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு உறங்கிவிட்டது. ஹோல்கர் மட்டும் வாசலில் இருந்தான்.

கழிமுகத்தில் நீர் அசையவில்லை. சேற்றில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கு அதன் நிழலைவிடக் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. பனிக்குள் பாலம் பாதிவரைதான் இருந்தது, அதற்குப் பிறகு யாரோ எழுத மறந்த வாக்கியம் போல் நின்றுவிட்டது. ஹோல்கர் பொம்மையின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரில் யார் முதலில் பேச வேண்டும் என்பது தீர்மானமாகவில்லை.

வேவு ஆள் கேட்ட கேள்விக்கு நிஜமான பதில் என்ன என்று ஹோல்கர் தேடிப் பார்த்தான். பாலம் வருவதற்கு முன்னால் படகுதான். அவன் மகள் அந்தப் படகில், நடு ஆற்றில் பிறந்தாள். இப்போது அக்கரையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் உட்கார்ந்து கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறாள். பாலத்தைக் கடக்கும்போது யாரும் டாக்டரை நினைப்பதில்லை. கடந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அவன் அம்மா புது ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் செத்துப்போனாள். வெள்ளை வெளேரென்று துவைத்த போர்வை. வைத்தியம் பார்க்கத்தான் ஆள் இல்லை. போர்வையை எந்தப் பக்கம் எழுதுவது, ஆள் இல்லாததை எந்தப் பக்கம் எழுதுவது? அம்மா கடைசியாகப் பேசியது அந்தப் போர்வையைப் பற்றித்தான். எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு என்றாள்.

ரொம்ப நேரம் கழித்து ஹோல்கர், "எனக்குத் தெரியல டாக்டர்," என்றான்.

பொம்மை விசிலோடு உட்கார்ந்திருந்தது. அதற்கும் தெரியவில்லை போலிருந்தது.

அந்த அமைதியில்தான் அவனுக்கு வழி புலப்பட்டது. உலகத்தில் யாரை எரித்தாலும் யாருக்காவது கோபம் வரும். கேள்வி கேட்க ஆளில்லாத ஒருவன்தான் பாக்கி. அவன் எழுந்து உள்ளே போய், தன்னுடைய பம்ப் அறைச் சட்டையையும் தொப்பியையும் எடுத்துவந்து பொம்மைக்குப் போட்டான். மீசையைத் துடைத்தான். முகம் அழிந்து அழிந்து, இப்போது யாருடையதாகவும் இருக்கலாம் என்கிற மாதிரி ஆகியிருந்தது. தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டதும் அது ஹோல்கர் தொமாலா ஆகிவிட்டது. பம்ப் அறையில் தூங்கும் ஹோல்கர்.

செய்தி போனதும் தெரு எழுந்து வந்து பார்த்தது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. டீச்சர் உயிலின் முதுகுப் பக்கத்தைத் திருப்பி, "சரி, ஹோல்கரைப் பத்திச் சொல்லுங்க," என்றார். டாக்டரைப் பற்றிக் காலை முழுவதும் கத்தி ஒரு வரியில்கூட ஒத்துப்போகாத சபை, ஹோல்கரைப் பற்றி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாங்கிப் பேசி முடித்துவிட்டது.

"பம்பை நேரத்துக்குத் திறக்க மாட்டான்."

"மூடவும் மறந்துடுவான். அதனால தண்ணி நிறைய வரும்."

"கடன் கேட்டா இல்லைன்னு சொல்ல வாய் வராது. ஒளிஞ்சுக்குவான்."

"பொய் சொல்லத் தெரியாது."

"அதான் இன்னைக்குப் பார்த்தோமே," என்றாள் மெர்சி. காலையிலிருந்து அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அதுதான். "ஆனா எங்கப்பாவை இறக்கி விட்டுட்டுத் தானே ஏறி உட்கார்ந்துட்டார். அதையும் எழுதிக்குங்க டீச்சர்."

ஹோல்கர் கேட்டுக்கொண்டு நின்றான். ஒரு மனிதனை எடைபோடுவது இவ்வளவு சுலபமா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

அந்த வருஷம் நடுராத்திரியில் கடல் ஏறும் என்பதால், நீர் வடிந்த சேற்றுத் திடலில் சாயங்காலமே எரித்துவிடுவது என்று ஏற்பாடு. வானமும் சேறும் ஒரே செம்பு நிறமாக இருந்தன. எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. பொம்மையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நடந்தபோது, ஹோல்கருக்குத் தன் கால்கள் தரையில் படாத மாதிரி இருந்தது. வில்சன், நாலாவது புருஷனுக்காக, நிஜமாகவே களைத்துப்போய் அழுதான்.

வெள்ளைச் சட்டைக்காரர் திடலின் ஓரத்தில் நின்றார். ஷூ இப்போது முழுக்கச் சேறு.

"நிச்சயமா டாக்டர் இல்லையே?" என்றார்.

"நான்தாங்க. சட்டையைப் பாருங்க."

"உங்களை நீங்களே எரிக்கறீங்களா?"

"யாரையாவது எரிக்கணுமேங்க."

அவர் பொம்மையைப் பார்த்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, "கொடுத்து வச்சவர் நீங்க," என்றார் மெதுவாக.

டீச்சர் உயிலைப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள், சிலர் மூக்கைச் சிந்தினார்கள். மெர்சிதான் தீக்குச்சி கிழித்தாள். மரத்தூளுக்குள் திணித்த பட்டாசுகள் வெடித்து, ஹோல்கரின் தொப்பி செம்பு நிற வானத்துக்குள் எழும்பிப் போனது. அது எப்போது கீழே வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. தணல் அடங்கியதும் வழக்கப்படி ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். ஹோல்கர் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, வந்தவர் கரைமேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். மேலே விளக்குப் போடாத கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு சொல்ல அதிகம் இல்லை. ஹோல்கரின் உத்தரவு ஜனவரியில் வந்தது, டாக்டரின் கையெழுத்தோடு. விருந்து நடந்தது. மெர்சியின் அப்பாவுக்குக் கல் வைத்தார்கள். அதில் அவர் எதற்கும் தலைவர் என்று போடவில்லை. டீச்சர் ஹெர்லிந்தா குவாயாகில் நகரத்தில் தங்கையோடு இருக்கப் போனார். அங்கிருந்தும் உயில் எழுதி அனுப்புகிறார். வில்சன் நிஜமான விதவை ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான், ஆனால் வருஷக் கடைசியில் கவுன் போடுவதை விடவில்லை. டாக்டர் இத்ரோபோ மலையில் தன் சொந்த ஊருக்குப் போய் மாடு வளர்த்தார். அவரைப் பார்க்க அதிகம் பேர் போனதாகத் தெரியவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்ற சண்டை எங்கள் தெருவில் இன்னும் முடியவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் பெயர் செகுந்தோ. வேவுக்காரர் இல்லை, கார் ஓட்டுபவர். இரண்டு வருஷம் கழித்து, திருவிழா விடுமுறைக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடற்கரைக்கு வந்தவர், ஹோல்கர் வீட்டு வாசலில் வாழைக்காய் உருண்டை தின்றுகொண்டே ஒருநாள் சொன்னார்:

"அன்னைக்கு டாக்டர் பின் சீட்டுலதான் உட்கார்ந்திருந்தார். எங்கயாவது ஒரு தெருவுல தன்னை எரிக்கறாங்களான்னு பார்த்துட்டு வரச் சொல்லி, காலையிலேர்ந்து கரையோரம் ஊர் ஊரா, தெருத் தெருவா என்னை அலைய விட்டார்; போன இடத்துலயெல்லாம் என் ஷூவைப் பார்த்துட்டு இல்லைன்னாங்க, கடைசியில உங்க பொம்மையைப் பத்திச் சொன்னதும் அவர், 'எட்டு வருஷம் ஆண்டிருக்கேன் செகுந்தோ, அந்த பம்ப் ஆப்பரேட்டர் அளவுக்குக்கூட என்னை யாரும் நினைக்கலையா'ன்னு கேட்டுட்டு, மலை ஏறி முடிக்கறவரைக்கும் பேசவே இல்லை."